வலி நின்ற பிறகு

12-10-1961, வியாழன்

ஆமத்தூரிலிருந்து மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பொன்னுத்தாய்க்குப் பத்தொன்பது வயது, கல்யாணமாகி நான்கு மாதம். விடிந்ததிலிருந்து வலப்பக்க அடிவயிற்றில் விட்டுவிட்டு வலி, வாந்தி. தொட்டால் ஆரஞ்சுப் பழம் அளவுக்குக் கட்டி. கருமுட்டை உண்டாகும் சூலகம் முறுக்கிக்கொண்டதோ என்று சந்தேகப்பட்டேன். வயிற்றைத் திறந்தால்தான் தெரியும். பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டேன்.

பதினொன்றரைக்கு வலி சட்டென்று நின்றுவிட்டது. பெண் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் நிம்மதி. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

அவள் அம்மா சிவகாசியில் வெடிக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். என் வழியை மறித்து நின்றாள்.

"வலி நின்னுருச்சுன்னு விட்டுறாதீக டாக்டரம்மா. பத்தவச்ச வெடி சத்தமில்லாமக் கெடந்தா, அணைஞ்சிருச்சுன்னு நாங்க நம்ப மாட்டோம். கிட்டப் போனாத்தான் வெடிக்கும்."

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பிப் போய் நாடி பார்த்தேன். காலையைவிட வேகமாக ஓடியது. கட்டியும் அப்படியே இருந்தது. உடனே தியேட்டருக்கு எடுத்துப் போனோம்.

சூலகம் மூன்று சுற்றுச் சுற்றி, ரத்தம் ஓடாமல் செத்துக் கறுத்துப்போயிருந்தது. வலி நின்றது அதனால்தான். எடுக்க வேண்டியதாயிற்று. இடப்பக்கத்துச் சூலகம் நன்றாக இருக்கிறது, பிள்ளை பிறக்கும். நாளைவரை விட்டிருந்தால்... அதை எழுத வேண்டாம்.

சாயங்காலம் அந்த அம்மா என்னைக் கும்பிட்டாள். நான்தான் அவளைக் கும்பிட்டிருக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் கைகளைப் பார்த்தேன். வலது கையில் இரண்டு விரல் இல்லை.