இடமிருந்து வலம் 17

2013 பெப்ரவரி 26

இந்த வாரக் குறுக்கெழுத்துக் கட்டங்கள் முடிந்தன. மேலிருந்து கீழ் 4: 1971இல் ரெய்க்கியாவிக்கில் பட்டத்தை இழந்த சதுரங்க சாம்பியன். 9: சராசரி நூறாக நான்கு ஓட்டம் போதாமல் போன துடுப்பாட்டக்காரர். இடமிருந்து வலம் 17: மன்னாரில் ஓர் ஊர், ஆறு எழுத்து.

வெண்கண்டல். நான் பிறந்த இடம்; தொண்ணூறில் முஸ்லிம்களான நாங்கள் வெளியேற்றப்பட்ட இடம். இருபத்திரண்டு வருடமாகத் தில்லையடிப் பள்ளிக்கூடத்தில் பிராட்மனின் நான்கு ஓட்டத்துக்காக வருந்தக் கற்பிக்கிறேன். ஒரு தடவை இதையும் அச்சில் பார்ப்போம்.

பெப்ரவரி 27

பத்திரிகை ஆசிரியர் மக்பூல் கொழும்பிலிருந்து பேசினார். "மாஸ்டர், அப்படியொரு ஊர் வரைபடத்தில இல்லயே. வாசகர் ஏசுவாங்க. 'கதைகளில் வரும் கற்பனை ஊர்' எண்டு மாத்துவமா?"

ஓம் என்றேன்.

ஏன் ஓம் என்றேன்? பெயர் வந்தால் போதும் என்று நினைத்தேன். கட்டத்துக்குள் என்றாலும்.

மார்ச் 3, ஞாயிறு

வந்துவிட்டது. கீழே என் புனைபெயர்: கட்டக்காரன். மனைவி றைஸா வாசித்துவிட்டுப் பாணை வெட்டிக்கொண்டே கேட்டாள்: "அப்ப அங்க அடங்கியிருக்கிற உங்கட உம்மாட கபுறும் கற்பனையா?"

பாண் நன்றாக வெந்திருந்தது.

மார்ச் 9

நாற்பத்தொரு கடிதம். பட்டம் போனது 1971இல் அல்ல, 1972இல். ஒரு சாம்பியனை ஒரு வருடம் முந்தித் தோற்கடித்த குற்றத்துக்குப் பத்திரிகை மன்னிப்புக் கேட்கப்போகிறது. வெண்கண்டல் பற்றி ஒரு வரி இல்லை.

மார்ச் 12

மீள்குடியேற்றப் பதிவுக்கு நடமாடும் சேவை வந்திருந்தது. எழுதுவினைஞர் என் படிவத்தைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனிதர்.

"மாஸ்டர், நானும் கிழமைக்குக் கிழமை அந்தக் கட்டம் நிரப்புறனான். இது கதையில வாற ஊரெல்லோ?"

பட்டியலிலும் ஊர் இல்லையாம். உறவில்லாத ஊர்க்காரர் ஒருவரின் கையெழுத்து வேண்டும். 22ஆம் திகதி கடைசி. விட்டால் வாப்பாவின் காணி வன இலாகாவுக்கே.

யாரிடம் போவது? தெரிந்தவர்களில் பாதிப்பேர் மவுத்தாகி மண்ணுக்குள். மீதி சவூதியில்.

மார்ச் 16

விடைக் கூப்பன்கள் கட்டாக வந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வெண்கண்டல் என்று பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் அது கற்பனை என்பதில் சந்தேகமே இல்லை.

ஒரு கூப்பனில் மட்டும் 17 வெறுமை. ஓரத்தில் நீலப் பேனாவால்: "விடை தெரியும். எழுத மாட்டன். அது கதை இல்ல, பள்ளிவாசல் கிணத்தடியில எங்கட வீட்டு வளவு." கு. அலீமா, நுரைச்சோலை.

விதிப்படி வெற்றுக்கட்டம் இருந்தால் தள்ளுபடி. தள்ளினேன். முகவரியை மட்டும் எழுதி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 20

நுரைச்சோலை. அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரிகிற முற்றத்தில் அலீமா வெங்காயம் காயவைத்துக்கொண்டிருந்தா. அறுபது வயது இருக்கும். என்னை ஒரு நிமிடம் பார்த்தா.

"மோதினார்ட மகன்தானே? வாப்பாட பாங்குச் சத்தம் எங்கட அடுப்படி வரைக்கும் கேக்கும்."

கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தா. படிவத்தை வாங்கியவ கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்தா.

"நீங்க படிச்ச ஆள். அந்தப் பேப்பரில கட்டம் போடுறவன் ஆரெண்டு தெரியுமா? ஒருநாளைக்குக் கண்டா ரெண்டு வார்த்தை கேக்கோணும்."

தெரியாது என்றேன்.

"எங்கட ஊர்க்காரனா இருக்க மாட்டான்" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டா. ஊர்ப்பெயருக்கு விட்டிருந்த இடத்தில், கூப்பனில் எழுத மறுத்த ஆறு எழுத்தையும் அவவே எழுதினா.

பேனா என்னுடையது.