எண்பத்தைந்தாகிப் போன தொண்ணூறு

என் பிரியத்துக்குரிய சுடலைமுத்துக் கொத்தனாருக்கு,

வரும் மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுதியதெல்லாம் வரைபட ஓரத்து எண்கள்தான். இங்குள்ள தமிழர்கள் நடத்தும் சிறு மாத இதழிலிருந்து, உங்களைப் பற்றி ஓர் அஞ்சலி வேண்டும் என்று கேட்டார்கள். புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது கூசியது. கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். நான் அரசு அலுவலகத்தில் டிராப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்த கொத்தனார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் வரைந்ததை வார நாட்களில் நீங்கள் கட்டினீர்கள். இருபது வருடம் அப்படிப் போயிற்று.

நமக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சுவருக்கும் அறைக்கும் மட்டும் நான் அளவு எழுதுவேன். கதவு, ஜன்னல், மாடம் இவற்றுக்கு எழுத மாட்டேன். எழுத வேண்டாம் என்று சொன்னதே நீங்கள்தான். "எறும்பு ஊர்ந்த மாதிரி எதுக்கு சாரே இத்தன நம்பர்? ஒங்க படத்துல ஸ்கேல வச்சா போதும், சுவரு தானா பேசும்" என்பீர்கள். அதற்காகவே என்னுடைய முக்கோண ஸ்கேல் ஒன்றை உங்களுக்குக் கொடுத்தேன். படத்தின் மீது அளவுகோல் வைத்து அளக்கக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் விதி. அது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் சொன்னது என் காதுக்கு இனிமையாக இருந்ததே, என்ன செய்ய?

டிரேசிங் தாளில் மையால் வரைந்து அமோனியா பிரிண்ட் எடுத்த காலத்தில் அது தப்பவும் இல்லை. மூலத்தில் இருந்த நீளம்தான் பிரதியிலும் இருக்கும். பிறகு என் கை நடுங்கத் தொடங்கியது. மருமகன் கம்ப்யூட்டரும் ஒரு சிறிய பிரிண்டரும் வாங்கித் தந்தார். மூன்று மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அதில் வரைந்த முதல் படம்தான் வலியசாலை வீட்டுப் படம். நினைவிருக்கிறதா? நடக்க முடியாத அம்மாவுக்காக வீட்டுக்காரர் பின்பக்கம் ஓர் அறையும் குளியலறையும் கட்டினாரே, அது.

ஒன்றுக்கு ஐம்பது ஸ்கேல். கோடுகள் அச்சுப் புத்தகம் போல வந்தன. அழுக்காகாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சாரு மெஷினாவே மாறிட்டாவளே!" என்று சிரித்தீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற நான், அந்தத் தாளின் மீது ஒருமுறைகூட ஸ்கேலை வைத்துப் பார்க்கவில்லை.

சக்கர நாற்காலி வந்த அன்று காலையில் நானும் அங்கே இருந்தேன். குளியலறை வாசலில் நாற்காலி சிக்கிக்கொண்டது. இரண்டு சக்கரமும் மரநிலையில் உரசி நின்றன. அந்த அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தன்னால்தான் தொந்தரவு என்பதுபோலத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்காரர் உங்களைப் பார்த்துக் கத்தினார். "என்னய்யா பண்ணி வெச்சிருக்காய்? சார் இவ்வளவு நன்னா வரைஞ்சு தந்திருக்காரே, அதப் பாத்துக் கட்டக்கூட நோக்குக் கண்ணில்லையா?"

சித்தாள்கள், ஆசாரி, பக்கத்து வீட்டார் எல்லோரும் நின்றார்கள். நீங்கள் டேப்பை எடுத்து அளந்தீர்கள். நிலைக்கு வெளியே சுவருக்குச் சுவர் எண்பத்தைந்து சென்டிமீட்டர். "நீங்க எவ்வளவு சாரே வச்சிருந்தீய?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். "தொண்ணூறு" என்றேன். அந்தப் பதில் பொய்யில்லை. நீங்கள் டேப்பைச் சுருட்டினீர்கள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "சாரு படம் தப்பாது. எனக்க கண்ணுதான் தப்பிருக்கு" என்றீர்கள்.

வீட்டுக்குப் போய் என்னிடமிருந்த பிரதியை மேசையில் விரித்து ஸ்கேலை வைத்தேன். ஐந்து மீட்டர் சுவர் நான்கு எழுபது காட்டியது. கம்ப்யூட்டரில் பிரிண்ட் கட்டளைப் பெட்டியைத் திறந்தேன். 'ஃபிட் டு பேப்பர்' என்ற கட்டத்தில் ஒரு டிக். நான் போட்டதில்லை. எடுத்ததும் இல்லை. தாளின் ஓரங்களுக்குள் அடங்குவதற்காகப் பிரிண்டர் என் படம் முழுவதையும் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்காகச் சுருக்கியிருந்தது. எழுதிய அளவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுதாமல் விட்டவை மட்டும் சுருங்கின. உங்கள் ஸ்கேல் காட்டியதை நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள், கொத்தனாரே.

மறுநாள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீங்கள் விடிந்ததுமே வந்து சுவரை இடிக்கத் தொடங்கியிருந்தீர்கள். தலையெல்லாம் சிமெண்டுப் பொடி. வாயைத் திறந்தேன். வீட்டுக்காரர் எனக்கு நாற்காலி போட்டு, "சார் இரிங்கோ, காப்பி தரட்டுமா?" என்றார். அந்த மரியாதையை இழக்க எனக்குத் துணிவில்லை. உட்காரவும் முடியாமல் முற்றத்து வெயிலில் நின்றேன். நீங்கள் திரும்பிப் பார்த்து, "வெயில்ல நிக்காதீய அண்ணாச்சி" என்றீர்கள். இருபது வருடத்தில் ஒரே ஒரு முறை. அன்றுதான் அப்படிக் கூப்பிட வேண்டுமா?

நாளைக்குச் சொல்லலாம், வேலை முடியட்டும், ஓணம் கழியட்டும் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் நீங்கள் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருந்தீர்கள். "கண்ணுல ஒரு குழப்பமும் இல்லேன்னு டாக்டரு சொல்லுதாரு. அவருக்கு என்ன தெரியும்?" என்றீர்கள். டாக்டரை நம்பாமல் என் படத்தை நம்பினீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் நூல் பிடிக்கவில்லை. உங்களிடம் வேலை பழகியவர்களை அளந்து குறிக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் குறித்த இடத்தில் கல் வைத்தீர்கள். 'கண்ணு போன கொத்தனார்' என்று சாலைக் கடைத்தெருவில் யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. நான் அரிசிப் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

நீங்கள் போன பதினாறாம் நாள் உங்கள் மனைவி பேச்சியம்மாள் அந்த ஸ்கேலை ஒரு துணியில் சுற்றி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை.

இந்த இதழுக்காகப் பொய்யாய் இரண்டு பக்கம் எழுதிக் கிழித்த பிறகுதான் என்னால் இருக்க முடியாமல் போயிற்று. போன செவ்வாய்க்கிழமை கரமனையிலுள்ள உங்கள் வீட்டுக்குப் போனேன். பேச்சியம்மாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பிரிண்டர், சுருக்கம், தொண்ணூற்று நான்கு எல்லாம் அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. புடைப்பதை நிறுத்தாமல் கேட்டார். பிறகு நிறுத்தினார்.

"அப்போ அவிய கண்ணு நல்லாத்தான் இருந்துதா சாரே?"

"நல்லாத்தான் இருந்தது."

"பாவி மனுசன். ராவும் பகலும் கண்ணாடியில கண்ணத் தொறந்து தொறந்து பாப்பாவ."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமா? அன்னைக்கு அத்தன பேரும் நின்னாவல்லா?" என்றார்.

வலியசாலை வீட்டுக்காரரிடமும் போய்ச் சொன்னேன். "அம்மாவே போயாச்சு, இனி எதுக்கு சார் அதெல்லாம்? விடுங்கோ" என்று உள்ளே கூப்பிட்டார். காப்பி குடிக்காமல் வந்துவிட்டேன்.

இப்போது எந்தப் படம் போட்டாலும் மூலையில் நூறு மில்லிமீட்டரில் குறுக்காக ஒரு கோடு, நெடுக்காக ஒரு கோடு வரைகிறேன். பிரிண்ட் வந்ததும் உங்கள் ஸ்கேலை வைத்து இரண்டையும் அளந்த பிறகுதான் தாளைக் கையை விட்டு விடுகிறேன். நெடுக்கில் மட்டும் என் பிரிண்டர் அரை மில்லிமீட்டர் குறைக்கிறது. அதையும் எழுதிவைக்கிறேன். கதவுக்கும் மாடத்துக்கும் அளவு எழுதுகிறேன். எறும்பு ஊர்ந்த மாதிரித்தான் இருக்கிறது. ஒரு டிக் எடுப்பதற்கு ஒரு நொடி போதும் என்று இப்போது தெரிகிறது. வாயைத் திறப்பதற்கு மட்டும் ஏன் இத்தனை நாள் ஆயிற்று?

வருடாந்திரத்துக்கு உங்கள் ஆட்கள் எல்லோரும் கரமனைக்கு வருவார்கள் என்று பேச்சியம்மாள் சொன்னார். ஆசாரியும் வருவாராம். நானும் வருவேன். அந்தப் பழைய தாளைக் கொண்டுவந்து அவர்கள் நடுவில் விரித்து, உங்கள் ஸ்கேலை அவர்கள் கையிலேயே கொடுத்து அளக்கச் சொல்வேன். எண்பத்தைந்து என்று அவர்கள் படிக்கட்டும். கொத்தனார் கண் சரியாகத்தான் படித்தது, தப்பு என் தாளில் இருந்தது என்று என் வாயால் சொல்வேன். சொல்லி முடிக்காமல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன். இதை அச்சில் கொடுப்பதே, அதற்குள் நான் பின்வாங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

வெயிலில் நின்றபோது நீங்கள் கூப்பிட்ட அந்த ஒரு சொல்லுக்கு இன்னும் பதில் சொல்லாத,

உங்கள் அண்ணாச்சி