சத்தமில்லாத பிரேக்

ஜூன் 14, சனி

காலையிலிருந்து காற்று. மழை இல்லை. கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் இரண்டு, பேட்லாக் மெஷின் ஒன்று ரிப்பேர் பார்த்தேன். மூன்று மணிக்கே விட்டார்கள், நல்ல காலம்.

நாளைக்கு நானும் மேகலாவும் சைக்கிளில் மலை ரோடு. எடுத்து வைக்க வேண்டியது: பம்பு, டியூப் இரண்டு, கடலை மிட்டாய், மேகலாவுக்கு மழைக்கோட்டு, எனக்கு அந்தப் பழைய துண்டே போதும்.

இன்று செக்கிங்கில் மேகலாவிடம் ஒரு டெய்லர் மாட்டிக்கொண்டார், தென்காசிப் பக்கத்து அம்மா. வெள்ளை பனியனில் ஆயில் கறை. மேகலா திட்டவே மாட்டாள். கறை பக்கத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி பீஸைத் திருப்பி அனுப்புவாள், அவ்வளவுதான். கறை யாருடையதோ அவர்களே எடுத்து வந்து, எப்படி ஆனது என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் ஸ்டிக்கரை உரிக்கலாம். சூப்பர்வைசர் ஆனதிலிருந்து அவள் போட்ட சட்டம். அந்த அம்மா என் மெஷின் பக்கம் வந்து புலம்பினார்: "ரெண்டு ஏச்சு ஏசிட்டாக்கூட பரவால்ல அண்ணாச்சி. அக்கா பேசாம நிக்காவ பாருங்க, அதான் தாங்க முடியல." உள்ளுக்குள் சிரிப்பு. இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிற எனக்குத் தெரியாதா.

அவள் சைக்கிள் போன வாரம் இறக்கம் முழுக்கக் கீச்சென்று கத்தியது. என்னுடையது பழைய ரப்பர் பிரேக், சத்தம் இல்லை. அவளுடையது தீபாவளிக்கு எடுத்தது, டிஸ்க் பிரேக். அந்த ரோட்டில் பஸ் இல்லை, கார் இல்லை. மேலே பழைய காபித் தோட்டத்தோடு முடிகிற ஒற்றைத் தார் ரோடு. இலை விழுந்தால் கேட்கும். ஆறு நாள் தையல் மெஷின் இரைச்சலில் நிற்கிறவள் அதற்காகத்தான் வருகிறாள். "ஏனுங்க, என்னுது மட்டும் இப்படிக் கத்துது? குருவியெல்லாம் பயந்து ஓடுதுங்க" என்றாள்.

சாயங்காலம் அவளுக்குத் தெரியாமல் சரி செய்துவிட்டேன். மெஷினுக்கு விடும் வெள்ளை ஆயில், ஊசிக் குப்பி. முன்னாலும் பின்னாலும் டிஸ்க் தட்டில் விட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். ஒரு முணுமுணுப்பு இல்லை. வழிந்ததைப் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தாயிற்று. நாளைக்கு அவளே கண்டுபிடிக்கட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

உடுமலை. ஆஸ்பத்திரி வராந்தா. மாலை நாலு. நோட்டு வீட்டில், மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

மேகலாவுக்கு உயிர் இருக்கிறது. இடது காரை எலும்பு முறிவு. விலா இரண்டு. தலையில் ஏழு தையல். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்துவிட்டது.

அடிவாரத்தில் சைக்கிள் ஏற்றிவந்த வேனை நிறுத்தி, ஆறரைக்கு ஏற ஆரம்பித்தோம். ஏறும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை. மேலே போய்க் கடலை மிட்டாய் தின்றோம். லேசான சாரல். "இந்த வாரம் எத்தனை சத்தமுங்க. எல்லாம் இங்க வந்துதான் கீழ எறங்குது" என்றாள். நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

இறக்கம். அவள் முன்னால். மூன்றாவது வளைவு. "ஏனுங்க, பிடிக்கலீங்க!" "ரெண்டையும் சேத்திப் பிடி!" "பிடிக்கறனுங்க! பிடிக்கலீங்க!"

சத்தமே இல்லாமல் போய்விட்டாள். ரோட்டில் இருந்தாள், பிறகு இல்லை.

பத்தடி கீழே உண்ணிச்செடிப் புதரில் கிடந்தாள். பேச்சில்லை. மூச்சு வருகிறதா என்று என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவள் மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஆவி படிந்தது. போனில் சிக்னல் இல்லை. கத்தினேன். யார் வருவார்கள்? யாரும் வராத ரோடு என்றுதானே வந்தோம். கீழே தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. முக்கால் மணி நேரம். அந்த அமைதியை இனி என்னால் தாங்க முடியாது.

பால் கேன் கட்டிய மொபெட்டில் ஒருவர் வந்தார். "அசைக்காதீங்க சாமி. தண்ணி குடுக்காதீங்க. கீழ போயி வண்டி அனுப்பறனுங்க." அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

எலும்புக்குப் பிளேட் வைத்தார்கள். பதினொரு மணிக்கு வெளியே வந்தாள். கண் திறந்து முதல் கேள்வி: "உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

அவள் அண்ணன் வந்தார், செந்தில் மச்சான். பொங்கலூரிலிருந்து வரும்போதே கோபத்தோடுதான் வந்திருப்பார். "நாப்பத்தாறு வயசுல மலையில சைக்கிள் ஓட்டோணும்னு யாருங் மாப்ள அழுதா? பொம்பளப் பிள்ளைய இப்படியா கூட்டீட்டுப் போறது?"

சாரலில் வழுக்கிவிட்டது என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அவர் கேட்பதாக இல்லை. இனி அவள் ஓட்டக் கூடாதாம், அடுத்த ஞாயிறு வந்து சைக்கிளை எடுத்துப் போகிறாராம். மேகலா சரி என்று தலையாட்டியது எனக்கு அதிர்ச்சி.

பிறகு நர்ஸிடம் நேற்றைய துணியைக் கேட்டாள். சாம்பல் நிற டிராக் பேண்ட். மடியில் விரித்து, இடது முழங்காலுக்குக் கீழே ஓரிடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள், முகர்ந்தாள், வெகுநேரம் பார்த்தாள். "ரத்தமா?" என்றேன். "இல்லீங்க" என்று மடித்து வைத்துவிட்டாள். சாயங்காலம் அண்ணனிடம் அவளே சொன்னாள்: "என் தப்புதானுங்கண்ணா. பயத்துல பிரேக்கை உட்டுட்டேன்."

விட்டாளா? "பிடிக்கறனுங்க" என்று என் காதில் விழுந்ததே.

ஜூன் 17, செவ்வாய்

வெயில். சைக்கிள் அடிவாரத்து டீக்கடையில் கிடந்தது. மச்சானிடம் கொடுப்பதானாலும் உருப்படியாகக் கொடுக்கலாம் என்று திருப்பூர் சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனேன்.

கடைக்காரர் முன் சக்கரத்தைச் சுற்றிப் பிரேக்கை அழுத்தினார். சக்கரம் பாட்டுக்குச் சுற்றியது. தட்டில் விரல் வைத்துத் தேய்த்து என்னிடம் காட்டினார். பளபள.

"யாருங்க இதுக்கு ஆயில் போட்டது?"

அவரே விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"டிஸ்க்குல ஒரு சொட்டு படக்கூடாதுங்க. பிரேக் பேடு பூராக் குடிச்சிருச்சு பாருங்க. இதுல மலையா எறங்குனாங்க? போட்டவனைக் கூட்டீட்டு வாங்க, நாலு சாத்து சாத்தறேன்."

"தெரியலீங்க" என்றேன்.

தெரியலீங்க. நான்தான் சொன்னேன் அதை.

உட்கார ஸ்டூல் கேட்டேன். இருபத்திரண்டு வருஷ மெக்கானிக் வேலை. சத்தம் வந்தால் எண்ணெய், சத்தம் வந்தால் எண்ணெய். பிடிப்பதற்கென்றே இருக்கிற ஒன்றை வழுக்க வைத்திருக்கிறேன். "ரெண்டையும் சேத்திப் பிடி" என்று பின்னாலிருந்து புத்தி வேறு சொன்னேன்.

புதுப் பேடு போடட்டுமா என்றார். சைக்கிளை அப்படியே வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

மேகலா வீட்டுக்கு வந்தாகிவிட்டது. கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில். மாத்திரை: காலை மூன்று, மதியம் ஒன்று, ராத்திரி மூன்று. சிரித்தால் விலா வலிக்கிறதாம். நான் சிரிக்க வைக்கிற நிலையில் இல்லை.

சைக்கிள் ஷெட்டில். மேலே கட்பீஸ் துணி போட்டு மூடிவிட்டேன். என்னால் பார்க்க முடியவில்லை.

"சைக்கிள் எங்கீங்க?" "ஷெட்ல." "செரிங்க."

ஜூன் 20, வெள்ளி

சொல்லவில்லை. வியாழன் காலை காபி கொடுக்கும்போது சொல்ல நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரம்மா வந்துவிட்டார். மதியம் தூக்கம். இன்று காலை தலை வாரிவிட்டேன், ஒற்றைக் கையால் அவளுக்கு முடியவில்லை. தையல் போட்ட இடத்தைப் பார்த்ததும் சீப்பை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கோழை நான். வேறு வார்த்தை இல்லை.

வருகிறவர்கள் எல்லோரிடமும் அவள் சொல்வது ஒரே பதில்: "பிரேக்கை உட்டுட்டனுங்க." நான் பக்கத்தில் நின்று டம்ளர் எடுத்து வைக்கிறேன்.

கம்பெனியில் அரை நாள். ஊசிக் குப்பியைத் தொடவே கை வரவில்லை. சோப்புப் போட்டு எத்தனை தடவை கழுவியும் அந்த வாசனை விரலில்.

மதியம் வந்தபோது அவள் செருப்பு ஷெட் வாசலில் கிடந்தது. வெயில் காய உட்கார்ந்தாளாம்.

ஜூன் 22, ஞாயிறு

காற்று. மேகம். போன ஞாயிறு இந்நேரம் மேலே கடலை மிட்டாய்.

மச்சான் பத்து மணிக்கு வருகிறார். ஒன்பதேகாலுக்கு ஷெட்டுக்குப் போனேன். துணியை எடுத்தேன்.

முன் சக்கரத் தட்டில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

தரையில் உட்கார்ந்தேன். பேண்ட்டை அவள் முகர்ந்தது இப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளை ஆயில் வாசனை அவளுக்குத் தெரியாதா? எங்கள் வீட்டில் அதைக் கொண்டுவர என்னைத் தவிர யார்? திங்கட்கிழமையே தெரியும். தெரிந்துகொண்டுதான் ஊருக்கெல்லாம் தன் தப்பு என்றாள். அப்புறம் ஒற்றைக் கையோடு இங்கே வந்து ஒட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

ஸ்டிக்கரைத் தொடவில்லை. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய் அவள் கட்டிலுக்கு முன்னால் நிறுத்தினேன். சொன்னேன். சனிக்கிழமை, ஊசிக் குப்பி, குருவி, கடைக்காரரிடம் சொன்ன பொய், எல்லாம். அழுதேன்.

அவள் அழவில்லை. "வெள்ளிக்கிழமை ஒட்டினதுங்க. ரெண்டு நாளா நீங்க துணியத் தொறந்துகூடப் பாக்கலியே."

வாசலில் வண்டிச் சத்தம். மச்சான். உள்ளே வந்து சைக்கிளைப் பார்த்தார். "எடுத்துக்கட்டுங்களா மாப்ள?"

மேகலா சொன்னாள்: "சைக்கிள் எங்கியும் போகலீங்கண்ணா. கை செரியானதும் எனக்கு வேணும். நான் பிரேக்கை உடவே இல்ல. உக்காருங்க, இவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

இரண்டாவது தடவை சொன்னேன். மச்சான் எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். காபி குடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மணி பன்னிரண்டு. சைக்கிள் இன்னும் கட்டிலுக்கு முன்னால்தான். எப்படி ஆனது என்று சொல்லியாயிற்று; ஸ்டிக்கரை உரிக்கலாம் என்று அவள் இன்னும் சொல்லவில்லை.