ஜெர்மனியிலிருந்து வந்த பிரஷ்

கிளாத்தென், மத்திய ஜாவா,
நோன்பு இருபத்தொன்று.

அன்பு மகள் வெனிங்குக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அண்ணன் வீட்டாரும் அல்லாஹ் கிருபையால் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரன் டாமாரும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். முதலில் நல்லதை எழுதிவிடுகிறேன். உன் அண்ணன் மகன் பகாஸுக்கு யோக்யா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க இடம் கிடைத்துவிட்டது, நம் தெருவில் இந்த வருஷம் அவன் ஒருவனுக்குத்தான். அவன் தங்கை லிந்தாங் ஒன்பது வயதிலேயே குர்ஆனை முழுதும் ஓதி முடித்து மாவட்டப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கினாள், முதலிடம் வாங்கிய பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. உன் டாமார் நீச்சலில் பதக்கம் வாங்கியதைக் காய்கறிக்காரன் வரை சொல்லிவிட்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள் என்று ஊர் சொல்லும்போது கொஞ்சம் தலை நிமிர்த்தித்தான் நடந்தேன். போன வாரம் வரைக்கும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ என் முகத்தைப் பார்ப்பாய், அதனால் தாளில் எழுதுகிறேன். நான் கேட்டேன் என்று நீ போன பெட்டியில் ஒரு பிரஷ் அனுப்பினாயே, மரப்பிடி போட்டது, பெருநாளுக்கு நான் சுட்டு விற்கிற நஸ்தார் பிஸ்கட்டுக்கு மேலே முட்டை மஞ்சள் பூச. பூசினால் கோடு விழாமல் பளபளவென்று வந்தது. பெட்டியைத் தெருவே பார்க்க வாசலில் வைத்துத்தான் திறந்தேன், என் மகள் ஜெர்மனியிலிருந்து அனுப்பியது என்று ஆளாளுக்குக் கையில் கொடுத்துக் காட்டினேன். நோன்பு பன்னிரண்டில் அங்குன் என்ற அந்தப் பெண் வந்தாள், போன வருஷம் நம் நஸ்தாருக்கு ஹலால் சான்றிதழ் வாங்கித் தந்தவள்தான். இந்த வருஷம் பாலாடைக்கட்டிப் பிஸ்கட்டையும் சேர்க்கச் சொல்லியிருந்தேன், அதற்காக மாவு, வெண்ணெய், பாத்திரம் எல்லாம் பார்த்தாள். பிரஷ்ஷை எடுத்துப் பிடியில் பொறித்திருந்த எழுத்தைப் படித்தவள் அப்படியே கீழே வைத்துவிட்டாள். "பாட்டி, இது பன்றி முடி. வெளிநாட்டுச் சாமானுக்கு ஹலால் சான்று இருக்கணும், இல்லாட்டி ஹலால் இல்லைன்னு மேலயே தெரியிற மாதிரி போட்டிருக்கணும்னு இப்ப சட்டம். இதுல ஒண்ணுமே இல்லையே, எங்க வாங்கினீங்க" என்றாள்.

வெனிங், நான் துமினி கடையில் வாங்கினேன் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. துமினியை உனக்குத் தெரியும், எதிர்ச்சாரியில் மளிகைக்கடை வைத்திருப்பவள். போன மாதம் பெண்கள் ஓதல் கூட்டத்தில் அவள் கடைக் கொரிய நூடுல்ஸில் ஹலால் முத்திரை இல்லை என்று எல்லார் முன்னாலும் எடுத்துக் காட்டி, பொட்டலத்தைப் படிக்கத் தெரியாதவள் எதற்குக் கடை வைக்க வேண்டும் என்று கேட்டவள் நான்தான். அங்குன் நேரே அவளிடம் போனாள். துமினி என் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இருக்கும், நான் கவனிக்காம விட்டிருப்பேன் என்று மட்டும் சொன்னாளாம். அவள் அலமாரியிலிருந்த பிரஷ் எல்லாவற்றையும் அங்குன் இறக்கி வைக்கச் சொன்னாள். எந்தப் பிரஷ் என்று யாரும் கேட்கவில்லை, துமினி கடைப் பிரஷ் பன்றி முடியாம் என்றுதான் தெருவில் பரவியது. மறுநாளிலிருந்து பெருநாள் சாமானுக்குக்கூட அவள் கடைப் படியை யாரும் மிதிக்கவில்லை.

அங்குன் முன்னால் இரண்டு தட்டு நஸ்தாரைக் குப்பையில் கொட்டினேன். அதே பிரஷ்ஷால் பூசி உள்ளறையில் மூடி ஒட்டி வைத்திருந்த டப்பாக்களைப் பற்றி வாய் திறக்கவில்லை, ஏற்கெனவே விற்றதையும் பள்ளிவாசலில் நோன்பு திறக்கக் கொடுத்ததையும் சொல்லவில்லை. ஆறு நாள் இப்படிப் போயிற்று. ஆறாம் நாள் லிந்தாங் ஒரு டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்தாள், நான் பாய்ந்து போய்க் கையைத் தட்டிவிட்டேன். பிள்ளை என் முகத்தையே பார்த்தாள். என் பேத்தி வாயில் படக்கூடாததை ஊர் வாயில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முக்காட்டைப் போட்டுக்கொண்டு துமினியிடம் போனேன். நீ ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன், கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை. அவள் அரிசி புடைத்துக்கொண்டே, "நோன்பும் அதுவுமா உங்க வாசல்ல நின்னு கத்தவாக்கா? அந்தப் பெட்டியைத் தெருவுக்கே கடைபரப்பினது நீங்கதானே. என்னைக்கிருந்தாலும் வருவீங்கன்னு தெரியும். ஆனா ஆறு நாள் எடுத்துக்குவீங்கன்னு நினைக்கல" என்றாள். அங்கிருந்து இமாமிடம் போனேன். தெரியாமல் சாப்பிட்டவர்களுக்குக் குற்றமில்லை, தெரிந்தபின் மறைத்ததற்கு நீங்கள்தான் அல்லாஹ்விடமும் துமினியிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். மறுநாள் ஓதல் கூட்டத்தில், நூடுல்ஸைத் தூக்கிக் காட்டிய அதே இடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நஸ்தார் வாங்கிய பதினேழு வீட்டுக்கும் நடந்துபோய்ச் சொன்னேன். சிலர் டப்பாவை வாசலிலேயே திருப்பிக் கொடுத்தார்கள், ஒருத்தி கதவையே திறக்கவில்லை.

பன்றி முடி பட்ட பாத்திரங்களை ஏழு தண்ணீர் விட்டு, அதில் ஒன்று மண் கரைத்த தண்ணீராய்க் கழுவ வேண்டும் அல்லவா, அதைக் கொல்லையில் செய்ய உன் அண்ணி எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். நான் வாசலுக்குக் கொண்டுவந்தேன். பெட்டி திறந்த இடத்திலேயே உட்கார்ந்து கழுவினேன், தெரு பார்த்தது. எதிர்க்கடையிலிருந்து துமினி, "மண்ணு போதுமாக்கா, ஆள் வராம என் கடைப்படியில நிறைய சேர்ந்துகிடக்கு, அள்ளிக்கோங்க" என்றாள். யாரோ சிரித்தார்கள். எனக்கு அது வேண்டியதுதான். பிறகு அவளே வந்து கடைசி இரண்டு தண்ணீரை ஊற்றினாள். நேற்று அவள் கடையில்தான் சர்க்கரை வாங்கினேன், கூட இரண்டு பெண்கள் வந்தார்கள்.

நீ இதற்காக அழக்கூடாது. நீ அறியாமல் அனுப்பினாய், நான் அறிந்தபிறகு பொய் சொன்னேன், இரண்டும் ஒன்றில்லை. இனி முடி வைத்த சாமான் எதுவும் அனுப்பாதே, அனுப்புவதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று மாப்பிள்ளையை ஒருமுறை படிக்கச் சொல். பெருநாள் தொழுகையை விட்டுவிடாதே, டாமாருக்குக் காதை மூடித் தொப்பி போடு. உங்கள் எல்லாருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும், செய்த தப்பை அன்றைக்கே ஒப்புக்கொள்ளும் மனசும் தரட்டும்.

ஒன்று மறந்துவிடாதே. கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சான்றிதழை நானே கழற்றி அங்குன் கையில் கொடுத்துவிட்டேன், மறுபடி எல்லாம் சோதித்துத்தான் தருவார்களாம். ஆணி சும்மா நிற்கிறது, வருகிறவர்கள் கண் எல்லாம் அங்கேதான் போகிறது. நீங்கள் மூவரும் நிற்கிற மாதிரி புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடு, அதில் மாட்டுகிறேன். அதுவரைக்கும் அந்த ஆணியைப் பிடுங்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சுதார்மி.