மருமகளின் சீஸ் சட்டி

ஜமாலியா,
திருகோணமலை.
10.05.1981

அன்பு மகன் முனாபுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே வாப்பாவும் நானும் தங்கச்சி ஜெஸீமாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மருமகள் உர்சுலாவும் பிள்ளையும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறேன். உன் காகிதம் வந்த நாள் தொடக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாப்பா தன் வாயால் கூப்பிட்டால்தான் ஜூலையில் வருவேன், இல்லாவிட்டால் இனி வரவே மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நீயும் அவருடைய பிள்ளைதானே, பிடிவாதத்துக்கு என்ன குறை. எங்களைக் கேளாமல் நீ அங்கே கலியாணம் முடித்து மூன்று வருஷம், அன்றிலிருந்து அவர் உன் பெயரைச் சொன்னதில்லை. நீ அனுப்பிய நிக்காஹ் பத்திரம் அலுமாரியில் இருக்கிறது, அதைப் பார்த்தாரோ இல்லையோ, கேட்கவும் எனக்குப் பயம்.

உர்சுலா ஆசையாக எழுதியனுப்பிய, சீஸை உருக்கி அதில் பாண் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் அந்த ஃபொன்டூச் சமையலை ஜெஸீமாதான் இங்கிலீசில் இருந்து வாசித்துச் சொன்னாள். நான் முன்னமே பழகி வைத்தால், வந்த இடத்தில் அவளுக்கு வாய்க்குப் பிடித்த சாப்பாடு ஒன்றாவது கிடைக்குமே என்று நினைத்தேன். பாதியில் ஒரு கிளாஸ் வைன் என்று ஜெஸீமா உரத்து வாசித்துவிட்டாள், வாப்பா பக்கத்து அறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினேன். உங்கள் வீட்டிலும் அதை ஊற்றித்தான் சமைக்கிறீர்களா மகன்? இதற்குப் பதில் எழுத வேண்டாம், ஊற்றுவதை விட்டுவிடுங்கள், அவ்வளவுதான். தேசிக்காய்ப் புளியும் ஒரு கரண்டி அரிசி மாவும் போட்டாலே சீஸ் திரையாமல் சேர்ந்து வருகிறது, மருமகளிடம் சொல்.

அவள் எழுதிய இரும்புச் சட்டியும் விளக்கும் நீட்டு முள்ளுக்கரண்டியும் இங்கே எங்கே தேடுவது? மீன் படாத புது மண்சட்டியில் உள்ளிப் பல்லைத் தேய்த்து, டின் சீஸைச் சீவிப் போட்டு, மெல்லிய நெருப்பில் கிண்டினேன். ஆறினால் இறுகிவிடுமாம், அதனால் சாம்பிராணிச் சட்டியில் சிரட்டைக் கரியைப் போட்டு அதன்மேல் தூக்கி வைத்தேன். வெள்ளிக்கிழமை போட்ட சாம்பிராணி அடியில் ஒட்டிக் கிடந்ததை யார் கண்டது, வீடெல்லாம் மவ்லூது ஓதுகிற நாள் வாசம், சீஸிலும் அதே வாசம். ஜெஸீமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது, இதையே சரியாகச் செய்யத் தெரியாதவள் அந்நிய தேசத்துப் பிள்ளையை எப்படி மனம் கோணாமல் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று.

நேற்று திரும்பவும் செய்தேன். சாம்பிராணிச் சட்டியைத் தேய்த்துக் கழுவினேன், பாணும் முதல் நாள் பாண், புதுப் பாண் என்றால் கரைந்து விழுகிறது, தென்னை ஈர்க்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டி முள்ளுக்கரண்டிக்குப் பதிலாக வைத்தேன். கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் நம் சஹன் தட்டின் நடுவில் எல்லாவற்றையும் வைத்தபோது வாப்பா வந்து நின்றார். சாராயம் கீராயம் விட்டதா என்று கேட்டார். அல்லாஹ் அறிய இல்லை, தேசிக்காய்ப் புளிதான் என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து எங்களோடு இருந்தார், ஈர்க்கைத் தள்ளிவிட்டுக் கையாலேயே பாணைத் தோய்த்துச் சாப்பிட்டார். உப்புக் காணாது என்றார். பிறகு தட்டைச் சுற்றிப் பார்த்து, சஹனுக்கு ஆறு பேர் இருக்க வேணும், மூணு பேர் குறையுது என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

மகன், இதற்கு மேல் அவர் வாயில் வராது, முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் சொல்கிறேன். இதையும் போதாது என்று நீ சொல்லிவிடுவாயோ என்றுதான் இப்போது என் கவலை. ஜூலையில் கச்சான் காற்று அனலாய் அடிக்கும், பிள்ளைக்கு மெல்லிய சட்டைகளாகக் கொண்டு வா. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பறக்கத்தும் தருவானாக. நீயும் மருமகளும் இரண்டு பேர்தான், அவர் இதுவரை கண்ணால் காணாத பிள்ளையையும் சேர்த்துத்தான் மூன்று என்று எண்ணியிருக்கிறார்.

வஸ்ஸலாம்,
உன் உம்மா
நஜ்முன் நிஸா