மஞ்சளில் ஊறிய கொமெற்ஸ்

01.06.2025 ஞாயிறு
இன்று ஊருக்கு முன்னால் எழும்பி நின்று கைதட்டினேன். பந்து வலைக்குள் போனது உண்மை. அது எங்கள் வலை. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவார்கள் என்று எனக்கு யார் சொன்னது? எங்கள் கழகப் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு மகள் லக்சிகாதான் தலைவி. வீடு வந்ததும் மோட்டார் சைக்கிளால் இறங்கினாள். பிறகு, "அப்பா, இனி நான் கை காட்டுறன், அப்ப தட்டுங்கோ" என்றாள்.

அதைவிடப் பெரிய சங்கதி: இரண்டு கிழமையில் வரும் போட்டியிலும் தோற்றால் பெண்கள் அணியைக் கலைத்துவிடுவாராம் கழகத் தலைவர் தயாபரன். ஆண்கள் அணி பல வருடமாகத் தோற்கிறது. அதற்குப் பெயர் அனுபவம்.

05.06.2025
மனைவியின் தம்பி கிருசாந்தன் அமெரிக்காவிலிருந்து பெட்டி அனுப்பியிருக்கிறான். நிறைய வெள்ளை ஜேர்சி. மேப்பிள் ரிவர் கொமெற்ஸ் என்று அங்கே ஒரு பெண்கள் உதைபந்தாட்ட அணி, மூன்றாம் தரமோ நான்காம் தரமோ. அந்த மைதானத்தில்தான் இவன் புல்லு வெட்டினான். "பார்க்க ஆக்கள் வரேல்லை அத்தான். அணியைக் கடை பூட்டிற மாதிரிப் பூட்டிப்போட்டாங்கள். மிஞ்சின உடுப்பை எனக்குத் தந்தாங்கள்" என்றான் போனில்.

அமெரிக்காவிலும் ஆள் வராதாம்! மனதுக்கு ஓர் ஆறுதல்.

லக்சிகா ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். முழங்கால்வரை வந்தது. முதுகில் ஹேலி என்று பெயர். படுக்கும்வரை கழற்றவில்லை.

08.06.2025
தயாபரன் வந்து ஜேர்சியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.
"செத்த அணியின்ர உடுப்பு அண்ணை. செத்தவீட்டுத் துடக்கு, தீட்டு."
"அணிதானே செத்தது. போட்ட பிள்ளையள் உயிரோட இருக்கினம்."
"எல்லாம் ஒண்டுதான்."
குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற என் மனைவி ஜெகதீஸ்வரிக்கு இது கேட்டுவிட்டது.

09.06.2025
துடக்குக் கழிய எல்லாவற்றையும் மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டாள். வெள்ளைக் கொமெற்ஸ் இனி மஞ்சள் கொமெற்ஸ்.

15.06.2025 ஞாயிறு
எதிரணி பக்கத்து ஊர் வட்டக்கச்சி. அவர்களின் ஜேர்சி — மஞ்சள்!

இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் ஆட முடியாது என்றார் மத்தியஸ்தர். தயாபரன் வானத்தைப் பார்த்துச் சிரித்தார். லக்சிகாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பிரதம விருந்தினரோடு படம் எடுக்கவென்று அப்பாமார் எல்லோரும் வெள்ளைச் சேட்டில் வந்திருந்தோம். என் சேட்டைக் கழற்றி மகளிடம் நீட்டினேன். பக்கத்தில் நின்ற இன்னொரு பிள்ளையின் அப்பா சுஜிதன், "பொறும், நானும் தாறன். பெனியன் ஓட்டை, சிரிக்காதையும்" என்றார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும்.

பெண்கள் எங்கள் சேட்டுகளில் கைமடித்து ஓடினார்கள். நாங்கள் அவர்கள் கழற்றிய மஞ்சள் ஜேர்சிகளில் கரையில் நின்றோம். அமெரிக்கக்காரிகளின் அளவு எங்கள் தொப்பை வண்டிகளுக்கு அளந்து தைத்ததுபோல. நான்தான் ஹேலி. செத்த அணி மீசையோடு உயிர்த்து நின்றது.

இரண்டுக்கு ஒன்று. தோல்வி. அந்த ஒன்று லக்சிகா அடித்தது.

18.06.2025
கழக நிர்வாகக் கூட்டம். பெண்கள் அணி கலைக்கப்பட்டது. உறுப்பினர்களில் எதிர்த்துக் கை தூக்கியது நானும் சுஜிதனும்தான். மற்றவர்கள் மேலே சுற்றிய காத்தாடியைப் பார்த்தார்கள். பிறகு தேநீரும் வடையும். வடை நன்றாக இருந்தது. அதுதான் எனக்குக் கோபம்.

19.06.2025
லக்சிகாவின் அறைக் கதவு பூட்டியபடி. அழுகிறாளோ? தேநீரைக் கதவடியில் வைத்துவிட்டு வந்தேன்.

26.06.2025
வட்டக்கச்சி அணியைப் பழக்குகிற சுமித்திரா ரீச்சர் போனில் கூப்பிட்டார். "தகப்பன்ர சேட்டோட கோல் அடிச்ச பிள்ளையை எங்களுக்குத் தருவியளோ?"
லக்சிகா இன்று இரண்டாம் தரமும் சோறு கேட்டாள்.

20.07.2025 ஞாயிறு
வட்டக்கச்சி வென்றது. லக்சிகா இரண்டு கோல்.

22.07.2025
பேப்பரில் லக்சிகாவின் படம் வந்ததும் விடியவே தயாபரன் வாசலில்.
"அண்ணை, அடுத்த மாதம் ஒரு பெரிய ஆள் விழாவுக்கு வாறார். பெண்கள் அணி இருக்கோ எண்டு கேட்டவையாம். திரும்பத் தொடங்குவம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, பொன்னாடையும் போடுறம்."
"பிள்ளைக்கோ?"
"சீ, உங்களுக்கு."

நிர்வாக உறுப்பினன் அல்லவா, செய்தியைச் சேர்ப்பித்தேன். லக்சிகா பயிற்சிக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.
"நீங்கள் என்ன சொல்லுறியள், அப்பா?"
"உன்ர விருப்பம், பிள்ளை."
சப்பாத்துக் கயிற்றை இறுக்கி முடிந்தாள். பிறகு சைக்கிளை வட்டக்கச்சிப் பக்கம் திருப்பினாள்.

படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கேட்டபோது சொல்லாமல் விட்டது இதுதான்: இந்தக் கழகக்காரரிட்டைத் திரும்பி வந்திடாதை.