மல்லித் தொட்டிக்கு எரு கேட்ட கதை

தை 12, திங்கள்
காலையில் பனி. துவைத்த துணி காயவில்லை. பெயிண்டு வாளியில் இருக்கும் குண்டுமல்லிக்கு ஊற்றின தண்ணீர் மேலேயே நிற்கிறது. மண் கல்லாய் இறுகிவிட்டது. வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து விழுந்ததற்கு முந்தின வாரம் தன் கையால் நட்டது. இப்போது நாள் முழுக்க அதையேதான் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். மண் மாற்ற வேண்டும்.

அவர் வாயில் மிஞ்சினது ஒரே சொல். ஆமா. “இருவத்தாறு வருசத்துல நாஞ் சொன்ன எதுக்காச்சும் ஆமான்னீங்களா? இப்பத்தானுங்க தங்கமான புருசன்” என்றேன். ஆமா என்றார். “நான் அழகுதானுங்களே?” ஆமா. எனக்குச் சிரித்துச் சிரித்து இருமல்.

தை 13, செவ்வாய்
ராசிபுரம் நர்சரி. தென்னை நார்க்கட்டி 1. ஊறவைத்தால் அண்டா நிறையப் பொங்குகிறது. உப்புப் போக இரண்டு தண்ணீர் அலசணுமாம்.
செம்மண் 2 பங்கு
நார்த்தூள் 1
மக்கின சாணி 1
வேப்பம் புண்ணாக்கு ஒரு கைப்பிடி
சாணி கிடைக்கவில்லை. நான் முட்டை பொறுக்கும் பண்ணையில் கோழி எரு மலையாய்க் கிடக்கிறதே. இன்றைக்கு விழுந்ததில் ஒரு சாக்கு அள்ளி வந்தேன். வாடைக்கு மூக்கைக் கட்டிக்கொண்டேன். “ஏனுங்க, இதையே போட்டுரட்டுங்களா?” ஆமா, ஆமா, ஆமா. இடது கையால் கட்டிலைத் தட்டித் தட்டிச் சொன்னார். அத்தனை ஆசையா என்று இன்னொரு கைப்பிடி சேர்த்துப் போட்டேன்.

தை 16, வெள்ளி
இலை ஓரமெல்லாம் கருகல். தண்ணீர் போதவில்லை போல. இரண்டு செம்பு ஊற்றினேன். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லணும்.

தை 17, சனி
மொட்டெல்லாம் கீழே. பண்ணையில் கூட வேலை செய்யும் சரசுவிடம் சொன்னேன்.
“பச்சை எருவையா போட்டீங்க? சூட்டுல வேரு வெந்திருக்குமுங்கக்கா. மாசக்கணக்குல மக்கோணும். காடு வெள்ளாமை பண்ணுன மனுசன், மாமனுக்குத் தெரியாதுங்களா?”
“அவருதான் ஆமான்னாரு.”
சொன்ன பிறகுதான் கட்டிலைத் தட்டினது ஞாபகம் வந்தது. அது வேண்டாமென்ற ஆமாவா?

தை 19, திங்கள்
எல்லாவற்றையும் கொட்டி, வேரை அலசி, வெறும் செம்மண்ணும் நார்த்தூளும். கலந்ததை அவர் கையில் வைத்தேன். விரலால் நசுக்கிப் பார்த்தார். “பொழைச்சுக்குமுங்களா?” ஆமா. எந்த ஆமாவோ. முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை.

சோறு ஊட்டும்போது பழக்கத்தில் வந்துவிட்டது. “ஏனுங்க, நான் அழகு…” நிறுத்திக்கொண்டேன். ரசம் ஊற்றட்டுங்களா என்று மாற்றிக் கேட்டேன்.
ஆமா என்றார்.
கரண்டியில் கொஞ்சம் எடுத்து உதட்டில் வைத்து, வாய் திறக்கிறாரா என்று பார்த்தேன்.